என் வீடியோவுக்கு நானே போடும் மதிப்பெண் ஏன் குறைந்துகொண்டே போகிறது?

திருகோணமலையில் சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 6 மாதமாக, தான் செய்யும் ஹேர்னியா (குடலிறக்கம்), பித்தப்பை சத்திரசிகிச்சைகளை வீடியோ எடுத்துப் பார்த்துத் தனக்குத் தானே மதிப்பெண் போட்டு வருகிறார். முதல் மாதம் 5க்கு 4 போட்டவர், இப்போது இரண்டரைதான் போடுகிறாராம். அவருடைய கொன்சல்டன்ட் சேர் அதே வீடியோக்களுக்குப் போடும் மதிப்பெண் தொடக்கத்திலிருந்து 3இலேயே நிற்கிறது. "இது வீண் வேலையா, இல்லை எனக்குக் கை வராதா?" என்பதுதான் கேள்வி. போனில் படம் எடுக்கலாமா, நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, நீங்கள் தந்த எண்களையே எடுத்துப் பார்ப்போம். முதல் மாதம் உங்களுக்கும் சேருக்கும் இடையே 1 மதிப்பெண் வித்தியாசம், உங்கள் பக்கம் கூட. இப்போது அரை மதிப்பெண் வித்தியாசம், உங்கள் பக்கம் குறைவு. அதாவது அவர் பார்ப்பதற்குப் பக்கத்தில் உங்கள் கண் வந்திருக்கிறது. ஆறு மாதத்தில் முதலில் தேறியது கண். கை அதற்குப் பின்னால்தான் வரும். நான் பயிற்றுவித்த பிள்ளைகள் பலரிடம் இதே வரிசையைப் பார்த்திருக்கிறேன்.

என் கதையையும் சொல்கிறேன். நான் ரெஜிஸ்ட்ராராக, அதாவது பயிற்சி வைத்தியராக இருந்தபோது ஒரு நாள் இடுப்பு ஹேர்னியா ஒன்றை முழுவதும் என் கையாலேயே செய்து முடித்தேன். இரத்தப்போக்கு இல்லை, மெஷ் (பலவீனமான இடத்தில் வைத்துத் தைக்கும் வலைத்துண்டு) நன்றாகப் படுத்திருந்தது, மயக்க மருந்து வைத்தியரும் "நல்லா முடிச்சிட்டீங்க" என்றார். அன்று என் சேர் ஒரு சிறிய கமராவைச் சேலைன் ஸ்டாண்டில் கட்டி வைத்திருந்தார். மாலையில் போட்டுக் காட்டினார். முதல் ஐந்து நிமிடத்திலேயே எனக்கு உடம்பு கூசிவிட்டது. என் இடது கை எதுவுமே செய்யவில்லை. ஃபோர்செப்ஸைப் பிடித்தபடி சும்மா காற்றில் நிற்கிறது. வலது கை இழுக்கிறது, வெட்டுகிறது, தைக்கிறது. எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால் திசு சுருங்கிச் சுருங்கி ஓடுகிறது, நான் திரும்பத் திரும்பத் துரத்துகிறேன். தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது என் நினைவில் இருந்த சத்திரசிகிச்சையும் திரையில் ஓடிய சத்திரசிகிச்சையும் வேறு வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருக்கடலூர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவின் கைகளை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். வலது கை ஊசியை ஓட்டுகிறது. ஆனால் வேலையின் பாதி இடது கையில்தான் இருக்கிறது. கண்ணியை விரித்து, இறுக்கி, அடுத்த முடிச்சுக்கு இடம் கொடுத்துக்கொண்டே போகிறது. அந்த வீடியோவைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கையை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

நினைவு ஏன் இப்படி ஏமாற்றுகிறது? சத்திரசிகிச்சை செய்யும்போது மனம் பயத்தில் இருக்கும். பயந்த இரண்டு நிமிடம் நினைவில் தங்கும், மற்ற நாற்பது நிமிடம் கரைந்துவிடும். இரண்டு நிமிடமும் நல்லபடியாக முடிந்தால் முழுவதும் நன்றாக நடந்ததாகத் தோன்றும். இது நம் தொழிலுக்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. 1999இல் குரூகர், டன்னிங் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டியது இதைத்தான்: ஒரு வேலையில் திறன் குறைந்தவர்கள்தான் தங்களை மிக அதிகமாக மதிப்பிடுகிறார்கள். ஏனென்றால் பிழையைக் கண்டுபிடிக்கவும் அதே திறன் வேண்டும். 2005இல் லண்டனில் சத்திரசிகிச்சையாளர்களை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். பிழைகளைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களின் கைத்திறனும் கூடுதலாக இருந்தது. டொரொன்டோவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயிற்சி வைத்தியர்கள் ஒரு லப்ரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சை (சிறு துளை வழியே கமராவை விட்டுச் செய்வது) செய்துவிட்டுத் தங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். பிறகு தங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு மீண்டும் போட்டார்கள். இரண்டாம் முறை போட்டது நிபுணர்கள் போட்டதற்கு மேலும் நெருங்கி வந்தது. நீங்கள் ஆறு மாதமாகச் செய்வதும் அதைத்தான்.

கைத்திறனைப் பார்த்து மதிப்பிடுவதற்கும் நோயாளிக்கும் என்ன தொடர்பு என்று யாராவது கேட்டால், 2013இல் அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்து வந்த ஆய்வைச் சொல்லுங்கள். உடற்பருமனுக்கான இரைப்பை பைபாஸ் செய்யும் 20 சத்திரசிகிச்சையாளர்கள் ஆளுக்கு ஒரு வீடியோ கொடுத்தார்கள். யார் செய்தது என்று தெரியாமல் சக சத்திரசிகிச்சையாளர்கள் மதிப்பெண் போட்டார்கள். 5க்கு 2.6 முதல் 4.8 வரை பரவியிருந்தது. கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. முதல் கால்பகுதியில் அது 5.2 சதவீதம். எந்த வீடியோவைக் கொடுப்பது என்று தெரிந்தெடுத்ததும் அவர்களேதான். தாங்களே தெரிந்தெடுத்துக் கொடுத்ததிலேயே இவ்வளவு வித்தியாசம் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் பயிற்சி முடித்து ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் தவறு விடுவது இங்கேதான். முழு வீடியோவையும் படம் பார்ப்பதுபோல் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று மூடிவிடுவார்கள். அதில் ஒன்றும் ஒட்டாது.

சத்திரசிகிச்சை முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்தவுடன், வீடியோவைத் தொடுவதற்கு முன், ஒரு தாளில் மதிப்பெண்ணை எழுதுங்கள். டொரொன்டோவில் உருவாக்கி 1997இல் வெளியிட்ட ஓசாட்ஸ் அளவுகோலே போதும். ஏழு தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண்: திசுவை மதித்துக் கையாள்வது, நேரமும் அசைவும், கருவிகளைப் பிடிக்கும் விதம், கருவிகளைப் பற்றிய அறிவு, உதவியாளரைப் பயன்படுத்துவது, அடுத்த படியை முன்கூட்டியே யோசித்துத் தடையின்றிப் போவது, அந்தச் சத்திரசிகிச்சையைப் பற்றிய அறிவு. பிறகு ஓரிரு நாளுக்குள் வீடியோவைப் பார்த்து இரண்டாவது வரிசையை எழுதுங்கள். மூன்றாவது வரிசை சேருடையது. உங்கள் எண்களைக் காட்டாமல் அவரிடம் வாங்குங்கள். இந்த மூன்று வரிசையும் ஒரே தாளில் இருக்கும்போதுதான் எங்கே உங்கள் நினைவு பொய் சொன்னது, எங்கே உங்கள் கண் தவறவிட்டது என்று பிரித்துப் பார்க்க முடியும். மொத்த எண்ணைவிட, எந்தத் தலைப்பில் இடைவெளி விழுகிறது என்று பாருங்கள். என் பழைய தாள்களில் "உதவியாளரைப் பயன்படுத்துவது" என்ற இடத்தில் நான் எப்போதும் 4 போட்டிருப்பேன், சேர் 2 போட்டிருப்பார். எதிரே நின்ற ஹவுஸ் ஒஃபிசரிடம் ரிட்ராக்டரை எந்தப் பக்கம் இழுக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை.

பார்ப்பதற்குப் பத்து நிமிடத் துண்டு ஒன்று போதும். ஹேர்னியா என்றால் மெஷ்ஷைத் தைக்கும் பகுதியை எடுங்கள். அதில் எண்ணக்கூடியவற்றை எண்ணுங்கள். ஒரு தையலுக்கு ஊசியை எத்தனை முறை பிடித்து விட்டு மீண்டும் பிடிக்கிறீர்கள்? ஊசியின் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடிக்கிறீர்களா, நடுவிலேயே பிடித்து ஊசியை வளைக்கிறீர்களா? திசுவுக்குள் நேர்க்குத்தாக இறங்குகிறதா, அதன் வளைவோடு மணிக்கட்டு திரும்புகிறதா, இல்லை நேராகத் தள்ளுகிறீர்களா? இடது கை எத்தனை வினாடி சும்மா நிற்கிறது? "நன்றாகத் தைக்க வேண்டும்" என்று மனதுக்குச் சொல்வதால் கை மாறாது. "போன முறை ஒரு தையலுக்கு ஐந்து முறை ஊசியைத் திருப்பிப் பிடித்தேன், இந்த முறை மூன்றுக்குள்" என்று சொன்னால் மாறும்.

பித்தப்பைக்கு வேறு மாதிரிப் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே வீடியோ ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

முரளிதரனின் பந்துவீச்சுப் பிரச்சினை நினைவிருக்கும். 1995இல் மெல்பேர்னில் நடுவர் அவர் எறிகிறார் என்று நோபோல் கொடுத்தார். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கமராக்களை வைத்து அளந்து பார்த்தபோது, அது எறிவதுபோல் தெரியும் கண்மயக்கம் என்றார்கள். நடுவர் பார்த்தது உண்மைதான், ஆனால் கண் கொடுத்த விளக்கம் தவறு. பித்தப்பையை எடுக்கும்போது, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளத்தைத் தவறுதலாக வெட்டிவிடும் விபத்தும் இதே வகைதான். 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் லோரன்ஸ் வே குழுவினர் 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்தார்கள். 97 சதவீதத்தில் மூலகாரணம் கண் செய்த பிழை. கைத்திறன் குறைவு 3 சதவீதம் மட்டும். பெரும்பாலும் பொதுப் பித்தநாளத்தைப் பார்த்து, இதுதான் பித்தப்பையின் நாளம் என்று உறுதியாக நம்பி வெட்டியிருக்கிறார்கள். தடுமாறாமல், சந்தேகமே இல்லாமல்.

அதனால் உங்கள் வீடியோவில், வெட்டுவதற்கு முன் குழாயை அடைக்கும் முதல் கிளிப் போடுவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். திரையில் நிற்கும் அந்த ஒரு படத்தை மட்டும் பாருங்கள். ஸ்ட்ராஸ்பேர்க் என்ற சத்திரசிகிச்சையாளர் 1995இல் எழுதிய மூன்று நிபந்தனைகளையும் கேளுங்கள். பித்தப்பைக்கும் ஈரலுக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் முழுவதும் நீங்கியிருக்கிறதா? பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரலின் படுக்கையிலிருந்து பிரிந்திருக்கிறதா? பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்கள்தான் என்று தெரிகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று திரையைக் காட்டிச் சொல்ல முடியாவிட்டால், அன்று நோயாளி நலமாக வீடு போயிருந்தாலும் அந்தச் சத்திரசிகிச்சை தப்பியதே தவிரத் தேறவில்லை. முன்பக்கத்திலிருந்து ஒரு படம், பித்தப்பையைப் புரட்டிப் பின்பக்கத்திலிருந்து ஒரு படம், இரண்டையும் எடுத்துச் சேமியுங்கள். அப்படிச் சேமித்த படங்களை வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் "எது எது?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது அவருக்குத் தெரியாவிட்டால், அங்கே நீங்கள் பார்க்காமல் ஊகித்திருக்கிறீர்கள்.

இனி, சேரின் மதிப்பெண் ஏன் 3இலேயே நிற்கிறது? அவரிடமே கேட்பது நல்லது. ஆனால் ஒன்றைச் சரிபார்த்துவிட்டுக் கேளுங்கள். உங்கள் முதல் மாத வீடியோவில் அவருடைய கை எத்தனை முறை உள்ளே வருகிறது? இப்போது எத்தனை முறை? தொடக்கத்தில் அவர்தான் திசுவை விரித்துப் பிடித்து, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டி, நீங்கள் வெட்டியிருப்பீர்கள். அந்த 3இல் பாதி அவருடையது. இப்போது அவர் கையை எடுத்துவிட்டு, கடினமான ஆட்களையும் உங்களிடம் தருகிறார் என்றால், இன்றைய 3 முழுவதும் உங்களுடையது. லப்ரஸ்கோப்பிக்கென்று மொன்றியலில் உருவாக்கிய கோல்ஸ் என்ற அளவுகோலில், தனியாகச் செய்யும் திறனுக்கே ஒரு தலைப்பு இருக்கிறது. பித்தப்பை வீடியோக்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். இந்த மாற்றம் எண்ணிலேயே தெரியும்.

படம் எடுப்பது பெரிய வேலை இல்லை. லப்ரஸ்கோப்பி என்றால் பெரும்பாலான கருவிகளில் பதிவு வசதி இருக்கும், ஒரு பென் டிரைவ் போதும். ஆனால் கவனம்: கண்ணாடி மங்கியதும் ஸ்கோப்பை வெளியே எடுத்து வெந்நீர் ஃபிளாஸ்க்கில் விடும்போது, பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். தியேட்டரில் நிற்பவர்களின் முகங்கள், சில நேரம் நோயாளியின் முகம்கூட அதில் விழும். அந்தத் துண்டுகளை முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள்.

திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்குப் போனே போதும். வைத்தியசாலை நிர்வாகம் அனுமதித்திருக்க வேண்டும், அது முதல் நிபந்தனை. போனைக் காயத்துக்கு நேர் மேலே ஒருபோதும் கட்ட வேண்டாம், விழுந்தால் எங்கே விழும் என்று யோசியுங்கள். எதிர்ப்பக்க உதவியாளரின் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில், ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டுங்கள். தியேட்டர் விளக்கின் கீழ் காயம் வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் பதியும், அதனால் திரையில் காயத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் குறைத்துவிடுங்கள். தலையில் கட்டும் கமராவை நான் விரும்புவதில்லை. நாம் தலையை ஆட்டும் அளவு பார்ப்பவருக்குத் தலைசுற்றும்.

போனை விமானப் பயன்முறையில் போடுவதோடு, படங்கள் தானாக இணையத்துக்கு ஏறும் வசதியையும் நிறுத்துங்கள். தியேட்டரை விட்டு வெளியே வந்து வைஃபை கிடைத்தவுடன் முழு வீடியோவும் உங்கள் கணக்குக்கு ஏறிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. வைத்தியசாலைக் கணினிக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழியுங்கள், அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியுங்கள். பெயர் வேண்டாம், ஓர் எண் போதும்.

வட்ஸ்அப்பில் போடவே கூடாது. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், ஒரு சத்திரசிகிச்சைத் துண்டு "படிப்பதற்காக" ஒரு குழுவில் போடப்பட்டது. முகம் தெரியவில்லை, பெயர் இல்லை. ஆனால் வயிற்றில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது. அந்த அம்மாவின் சொந்தக்காரர் ஒருவர் அடையாளம் கண்டுவிட்டார். அந்த அம்மா பிறகு சிகிச்சைக்குக்கூட அங்கே வரவில்லை. திருகோணமலை சின்ன ஊர். உவர்மலையில் இருப்பவருக்குக் கிண்ணியாவில் ஆள் தெரியும், மூதூரில் உறவு இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலைத் தனிச் சிறப்பு வகையாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்காது.

சம்மதம் கேட்பதை முதல் நாளே விடுதியில் செய்யுங்கள். தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு தியேட்டருக்குள் போகும் ஒருவரிடம் கேட்பது கேட்பதாகாது. அவர் பேசும் மொழியில், தமிழோ சிங்களமோ, உட்கார்ந்து சொல்லுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: "அம்மா, நாளைக்கு நான் செய்யும் வேலையைப் படம் பிடித்து, நானும் என் பெரிய டொக்டரும் பார்த்துத் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். உங்கள் முகம் வராது. வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது." எழுத்திலும் வாங்குங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை கேட்க வேண்டாம். இன்னொன்று, தியேட்டர் மிஸ்மாருக்கும் (தாதியருக்கும்) மயக்க மருந்து வைத்தியருக்கும் கமரா ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குரலையும் நிறுத்திவிடுங்கள்.

வீடியோவில் தெரியாதவையும் உண்டு. நூலை எவ்வளவு இறுக்கினீர்கள் என்பது தெரியாது, குடலைப் பிடித்த விரலின் அழுத்தம் தெரியாது, அந்த நோயாளிக்கு அன்று சத்திரசிகிச்சை செய்திருக்க வேண்டுமா என்ற தீர்மானமும் தெரியாது. இவற்றுக்குச் சேர் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும். கைக்கு மட்டும் வேண்டிய பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். மீன் சந்தையில் கணவாய் வாங்கி, அதன் உடலைப் பிளந்து விரித்துத் தையுங்கள். இழுத்தால் கிழியும், அதனால் திசுவை மதிக்கக் கற்றுக்கொடுக்கும். அதையும் போனில் எடுத்து அதே ஏழு தலைப்புகளில் மதிப்பெண் போடுங்கள். சம்மதம் கேட்க வேண்டியதில்லை, எத்தனை முறையும் செய்யலாம்.

கை வராதா என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். நீங்கள் 4 போட்ட அந்த முதல் மாத ஹேர்னியா வீடியோவை இன்று இரவு எடுங்கள். பழைய தாளைப் பார்க்காமல், இப்போது இருக்கும் கண்ணோடு, மெஷ் தைக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் புதிதாக மதிப்பெண் போடுங்கள். பிறகு போன வாரம் செய்த ஹேர்னியாவின் அதே பத்து நிமிடத்துக்கும் போடுங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அப்புறம் பேசுவோம்.